கரும்புக்குத் தகப்பன் நாணல்

போன பொங்கலுக்கு மறுநாள் மூன்று தண்டுகளைத் திண்ணையில் வைத்து நெடுக்காகப் பிளந்து பார்த்தேன். ஒன்று, பூசையில் வைத்த செங்கரும்பு. இன்னொன்று, ஆலைக்குப் போன டிராக்டரிலிருந்து தெருவில் விழுந்த கரும்பு. மூன்றாவது, வாய்க்கால் கரையில் அறுத்துவந்த நாணல்.

செங்கரும்பு கைப்பிடி கனம். தோலைப் பல்லாலேயே உரித்துவிடலாம். உள்ளே வெள்ளை வெளேரென்று சாறு ஊறிய சதை. நாணல் சுண்டுவிரல் தடிமன்தான். நடுவில் நெட்டி போன்ற சக்கை. கடித்தால் புல்லின் சாறு, அடிநாக்கில் தேடினால் கொஞ்சம் இனிப்பு. ஆலைக்கரும்பு இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. இனிப்பு செங்கரும்பின் பக்கம். பல் கூசவைக்கும் நார் நாணலின் பக்கம். அந்த நடுத்தன்மை தற்செயலாக வந்ததில்லை. இன்று ஆலைகளில் அரைபடும் கரும்பு, தடித்த கரும்புக்கும் நாணலுக்கும் பிறந்த பிள்ளையின் வாரிசு. அந்தச் சம்பந்தம் நம் கோயம்புத்தூரில் நடந்தது.

அதற்கு முந்தைய கரும்பின் கதை இன்னும் நீளமானது. தடித்த கரும்பு, அறிவியல் பெயரில் சக்காரம் அஃபிசினாரம், நியூ கினி தீவுப் பக்கம் காட்டுப்புல் ஒன்றிலிருந்து மனிதர் தேர்ந்தெடுத்து வளர்த்தது. கடல் கடந்து நம் பக்கம் வந்தது. அதியமானின் முன்னோர் கரும்பை இங்கே கொண்டுவந்தார்கள் என்று ஔவையார் புறநானூற்றில் சொல்வதை ஆராய்ச்சியாளர்கள் இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். எங்கிருந்து கொண்டுவந்தார்கள் என்பதில் விவாதம் உண்டு. ஆனால் கரும்பு வந்தேறிய பயிர் என்ற நினைவு நம் பழம்பாட்டிலேயே இருக்கிறது. நாணல், அதாவது சக்காரம் ஸ்பான்டேனியம், இங்கேயே ஆற்றங்கரைகளில் இருந்தது. வந்தவளும் இருந்தவனும் ஒரே வாய்க்காலின் இரு கரைகளில் பல நூறு ஆண்டுகள் நின்றார்கள். உழவர் ஒன்றுக்கு நீர் பாய்ச்சினார்கள், மற்றொன்றை வெட்டித் தள்ளினார்கள்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியக் கரும்பு சங்கடத்தில் இருந்தது. கரும்பு அதிகம் விளைந்தது வடக்கே, கங்கைச் சமவெளியிலும் பஞ்சாபிலும். அங்கே தடித்த கரும்பு குளிர் தாங்காது. மூங்கில் குச்சிபோல் மெலிந்த நாட்டு ரகங்களை நட்டார்கள். பஞ்சாபில் 'கத்தா' என்று ஒன்று. எதையும் தாங்கும், ஆனால் விளைச்சல் சொற்பம். டச்சுக்காரர் ஆண்ட ஜாவாவிலிருந்து கப்பல் கப்பலாக வெள்ளைச் சர்க்கரை வந்து இறங்கியது. கரும்பு பயிரிட்டு வெல்லம் காய்ச்சிய நாடு சர்க்கரைக்குக் கையேந்தியது.

நல்ல ரகங்களைக் கலந்து புது ரகம் எடுக்கலாமே என்றால், அதிலும் சிக்கல். கரும்பைக் கரணை வெட்டித்தான் நடுகிறோம். கணுவில் இருக்கும் பரு முளைத்துத் தாயின் அச்சாக வரும். கரும்புக்கு முளைக்கும் விதை உண்டு என்பதே 1880-களின் இறுதியில் ஜாவாவிலும் பார்படோஸிலும் செய்த சோதனைகளுக்குப் பிறகுதான் உறுதியானது. அந்த விதையைப் பெறக் கரும்பு பூக்க வேண்டும், பூத்தது சூல்கொள்ள வேண்டும். வடக்கே அது நடக்கவில்லை. கோயம்புத்தூரில் நடந்தது. 1912-இல் அங்கே கரும்பு இனப்பெருக்க நிலையம் தொடங்கியதற்குக் காரணம் அதுதான். வடநாட்டுக்கு வேண்டிய கரும்பைத் தென்கோடியில் கருத்தரிக்க வைத்தார்கள்.

நிலையத்தை நடத்தியவர் சார்லஸ் பார்பர். அவருக்கு உதவியாளராக வந்தவர் டி.எஸ். வெங்கட்ராமன். 'வெள்ளை' என்று நம்மூர்ப் பெயர்கொண்ட தடித்த கரும்பின் பூங்கதிரில், கோயம்புத்தூர் நாணலின் மகரந்தத்தைச் சேர்த்தார்கள். கரும்புப் பூ என்பது ஒரு முழ நீளத்துக்கு மேல் வரும் வெண்பட்டுக் கதிர். அதில் ஆயிரக்கணக்கான சிறு பூக்கள். விடிகாலையில் மகரந்தப்பை வெடிக்கும். வேற்று மகரந்தம் புகாமல் மூடி, ஆண்கதிரைப் பெண்கதிரின் தலைக்குமேல் நிறுத்தி, தூள் தானாகக் கீழே விழும்படி செய்வார்கள். சில வாரங்களில் பஞ்சுபோல் உதிர்வதுதான் விதை. உள்ளே இருக்கும் மணி கடுகைவிடச் சிறியது. அந்தப் பஞ்சைத் தட்டில் பரப்பி முளைக்கவைத்தால், ஒரு நாற்று போல் இன்னொரு நாற்று இருக்காது.

அப்படி வந்தவற்றில் ஒன்று கோ 205. 'கோ' என்றால் கோயம்புத்தூர். 1918-இல் அது வயலுக்குப் போனது, பஞ்சாபில் கத்தாவை ஓரங்கட்டியது. தொடர்ந்து கோ 210, கோ 213 என்று வரிசையாக வந்த ரகங்கள் பீகாரிலும் ஐக்கிய மாகாணத்திலும் பரவின. 1932-இல் இறக்குமதிச் சர்க்கரைக்குக் காப்புவரி வந்தபோது ஆலைகள் மளமளவென்று எழுந்தன. வரி மட்டும் இருந்து கரும்பு இல்லாதிருந்தால் ஆலைகள் எதை அரைத்திருக்கும்? களையென்று ஒதுக்கிய நாணலின் ரத்தம் இந்தியாவைச் சர்க்கரை நாடாக்கியது என்று சொல்வதில் எனக்குத் தயக்கமே இல்லை. வெங்கட்ராமனுக்கு அரசு சர் பட்டமும், பின்னாளில் 1956-இல் பத்மபூஷணும் கொடுத்தது. நாணலுக்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை.

அந்தக் கலப்பின்போது செல்லுக்குள் நடந்ததுதான் எனக்கு மிகப் பிடித்த பகுதி.

தடித்த கரும்பின் ஒரு செல்லில் 80 குரோமோசோம்கள். கோயம்புத்தூர் நாணலில் 64. பிள்ளைக்குத் தாயிடமிருந்து பாதி, தகப்பனிடமிருந்து பாதி போக வேண்டும் என்பது பள்ளிக்கூடப் பாடம். நாற்பதும் முப்பத்திரண்டும் சேர்ந்தால் 72. ஆனால் கோ 205-இல் இருந்தது 112. ஜாவாவில் பணியாற்றிய டச்சு ஆய்வாளர் பிரெமர் 1920-களில் அங்கத்திய கலப்புகளில் இதே புதிரை விடுவித்திருந்தார். கரும்பு தாயாக இருந்து நாணல் தகப்பனாகும்போது, தாய் தன் குரோமோசோம்களைப் பாதியாக்காமல் முழுவதையும் பிள்ளைக்குக் கொடுத்துவிடுகிறது. எண்பதும் முப்பத்திரண்டும் நூற்றுப்பன்னிரண்டு. சீர்வரிசையில் பாதியைத் தனக்கென்று எடுத்துவைக்காத தாய்! இனிப்பு மங்காமல் நாணலின் உரம் மட்டும் பிள்ளைக்குள் வந்ததற்கு இதுவே பெரிய காரணம். அந்தப் பிள்ளையை மறுபடி தடித்த கரும்போடு சேர்த்தால் இனிப்பு இன்னும் ஏறும்.

ஜாவாவிலோ மனிதர் கைவைப்பதற்கு முன்பே இயற்கை இதைச் செய்திருந்தது. அங்கே மலைச்சரிவில் கிடைத்த 'கஸூர்' என்ற கரும்பு நோய்க்கு அசையவில்லை. எண்ணிப் பார்த்தால் 136 குரோமோசோம்கள்: கரும்பின் 80, அந்தத் தீவு நாணலின் 112-இல் பாதியான 56. அதன் வழியில் 1921-இல் டச்சுக்காரர் எடுத்த பி.ஓ.ஜே. 2878 உலகமெங்கும் பரவியது. பிறகு அந்த ஜாவாக் கரும்பையும் நம் கோ 290-ஐயும் சேர்த்துக் கோயம்புத்தூரில் கோ 419 பிறந்தது. தென்னிந்தியாவில் பல பத்தாண்டுகள் கோலோச்சிய ரகம் அது. இரண்டு தீரத்து நாணல்களின் ரத்தமும் அதில் சங்கமித்தது.

இனி ஜானகி அம்மாள். தலைச்சேரியில் பிறந்து, சென்னையில் படித்து, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931-இல் முனைவர் பட்டம் பெற்ற தாவரவியலாளர். 1930-களின் நடுவில் கோயம்புத்தூர் நிலையத்தில் வேலை செய்தார். அவர் செய்ததை நினைத்தால் கண் வலிக்கும். வேர்நுனியில் ஒரு மில்லிமீட்டர் அளவை நறுக்கி, மருந்தில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, தாளைவிட மெல்லிய சீவல்களாகச் சீவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பிளவுபடும் செல்லைத் தேடி, அதனுள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும் நூறு புள்ளிக்கு மேல் எண்ண வேண்டும். ஒன்று தவறினால் மறுபடி முதலிலிருந்து. அப்படித்தான் ஊருக்கு ஊர் நாணலின் குரோமோசோம் எண்ணிக்கை வேறுபடுவது தெரிந்தது. ஓரிடத்தில் 40, இன்னோரிடத்தில் 64, வேறோரிடத்தில் நூற்றுக்கும் மேல். பார்வைக்கு எல்லாம் ஒரே புல். உள்ளே தொகுதிகள் மீண்டும் மீண்டும் பெருகி அடுக்கடுக்காக நின்றன. கரும்பை மக்காச்சோளத்தோடும் அவர் கலந்து பார்த்தார், அதில் பிள்ளையும் எடுத்தார். பேரினம் விட்டுப் பேரினம் கலக்கும் இந்தச் செடிகளை எந்தக் கிளையில் வைப்பது என்ற கேள்வி அந்தத் தட்டுகளிலேயே முளைத்துவிட்டது. பின்பு இங்கிலாந்து சென்று, மரபியலாளர் டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்களின் குரோமோசோம் தொகுப்பு நூலை 1945-இல் வெளியிட்டார்.

குரோமோசோம் தொகுதியை இரட்டிக்க மனிதர் கையிலும் ஒரு மருந்து வந்தது. கால்ச்சிசின். செல் பிளக்கும்போது குரோமோசோம்களை இருபக்கமும் இழுக்கும் நூல்களை அது கட்டவிடாது. இரட்டித்தவை பிரிய வழியின்றி ஒரே செல்லில் தங்கிவிடும். அதன் பயன் 1937-இல் வெளியானது. அந்தப் பொருள் நம் மாநில மலரான செங்காந்தளிலும் இருக்கிறது. மூலனூர்ப் பக்கமும் வேதாரண்யம் பக்கமும் உழவர் 'கண்வலிக்கிழங்கு' என்று பயிரிடுகிறார்களே, அதே கொடிதான். கார்த்திகையில் வேலியில் நெருப்பாய்ப் பூக்கும் கொடிக்குள், ஒரு செடியின் வம்சத்தையே மாற்றும் மருந்து.

இந்த ஆய்வுகள் நடந்த காலத்தில் தாவரங்களின் உறவை எப்படிப் படம் போட்டார்கள்? மரமாக. டார்வின் 1859-இல் எழுதிய நூலில் இருந்த ஒரே படம் கிளைவிட்டுப் பிரியும் கோடுகள்தான். ஒரு கிளை இரண்டாகும். பிரிந்த கிளைகள் மறுபடி சேராது. கலப்பு விபத்தாகவும் குரோமோசோம் இரட்டிப்பு விதிவிலக்காகவும் எண்ணப்பட்டன. கலப்பினம் மலடு, அதற்கு வம்சம் இல்லை என்பது பொது நம்பிக்கை. டென்மார்க்கின் விங்கே 1917-இலேயே ஒரு வழி சொன்னார். இரு இனம் கலந்து பிறந்த செடியில் ஒவ்வொரு குரோமோசோமுக்கும் ஜோடி இல்லை, அதனால் மலடு. தொகுதி முழுவதும் இரட்டித்துவிட்டால் ஒவ்வொன்றுக்கும் ஜோடி கிடைக்கும், மலடு நீங்கும், புதிய இனமே பிறந்துவிடும். அந்த யோசனை சரி என்று செடிகளே பின்னர் காட்டின.

இன்று படம் மாறிவிட்டது. பூக்கும் தாவரங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான மூதாதையிலேயே தொகுதி இரட்டிப்பு நடந்திருக்கிறது என்று 2011-இல் வந்த ஆய்வு காட்டியது. ரொட்டிக் கோதுமையின் 42 குரோமோசோம்கள் மூன்று புல்லினங்களிடமிருந்து வந்தவை. நிலக்கடலையின் 40, இரண்டு காட்டுச் செடிகளுடையவை. நாம் சாப்பிடும் பூவனும் மொந்தனும் இரண்டு காட்டு வாழைகளின் கலப்பு. மூன்று தொகுதிகள் சேர்ந்துவிட்டதால்தான் விதையில்லாமல் இருக்கின்றன. பிரிவது மட்டுமல்ல, சேர்வதும் வம்சத்தின் வழி. நம் மொழி வம்சத்தைக் கொடிவழி என்கிறது. தாவரங்களுக்கு அந்தச் சொல் மரத்தைவிட நன்றாகப் பொருந்துகிறது. பந்தலில் ஏறிய கொடி பிரிகிறது, இன்னொரு கொடியோடு பின்னுகிறது, எது எங்கே தொடங்கியது என்று தேட வைக்கிறது.

கரும்பில் அந்தப் பின்னலை அவிழ்க்க வெகுகாலம் பிடித்தது. மனிதரின் மரபணுத் தொகுதி 2000-களின் தொடக்கத்திலேயே படிக்கப்பட்டுவிட்டது. கரும்பு அசையவில்லை. மனிதரில் ஒரு மரபணுவுக்கு இரண்டு பிரதிகள். ஆலைக்கரும்பில் பத்துப் பன்னிரண்டு. ஒரே புத்தகத்தின் பன்னிரண்டு பதிப்புகளைக் கிழித்துக் கலந்து, எந்தத் துண்டு எந்தப் பதிப்புடையது என்று கேட்டால் எப்படி? முதலில் வழிகாட்டியது நம் புன்செய்ச் சோளம். கரும்புக்கு நெருங்கிய பங்காளி, பத்தே ஜோடி, வரிசை குலையாதது. 2009-இல் படிக்கப்பட்ட சோளத்தின் வரிசையை வைத்துக் கரும்பின் துண்டுகளை 2018-இல் ஓரளவு அடுக்கினார்கள். அதே ஆண்டு நாணலின் தொகுதியும் வெளிவந்தது. 2024-இல்தான் ரீயூனியன் தீவில் உருவான ஆர் 570 என்ற ரகத்தின் தொகுதி முழு அளவில் 'நேச்சர்' இதழில் வந்தது. ஏறத்தாழ ஆயிரம் கோடி எழுத்துகள், மனிதருடையதைப்போல் மூன்று மடங்கு. குரோமோசோம்கள் 114 அளவில்.

படித்துப் பார்த்ததில் பெரும்பகுதி தடித்த கரும்பினுடையது. பத்து முதல் இருபது விழுக்காடு நாணலினுடையது. சில குரோமோசோம்கள் பாதி இது, பாதி அது என்று ஒட்டுப்போட்ட மாதிரி இருக்கின்றன. அந்தச் சிறு பங்கில்தான் நோய் தாங்கும் சக்தியும் வறட்சி தாங்கும் வேரும் வெட்ட வெட்டத் துளிர்க்கும் கட்டையும் வந்தன. மறுதாம்பு விட்டு ஒரே நடவில் இரண்டு மூன்று அறுவடை எடுக்கிறாரே உழவர், அந்தப் பிடிவாதம் நாணலுடையது.

இன்னொரு ஆச்சரியம். கத்தா போன்ற வடநாட்டு மெலிந்த கரும்புகளைத் தனி இனம் என்று நினைத்துப் பார்பரின் பெயரையே வைத்திருந்தார்கள். அதுவும் தடித்த கரும்பும் நாணலும் எப்போதோ தாமாகக் கலந்து பிறந்ததுதான் என்று மரபணு ஆய்வு காட்டிவிட்டது. 1912-இல் பார்பரும் வெங்கட்ராமனும் செய்ததை வாய்க்கால் கரையில் காற்று முன்பே செய்திருந்தது.

ஆனால் அன்றைக்கும் இன்றைக்கும் இடையில் ஒரு கவலை வளர்ந்திருக்கிறது. இத்தனை ரகங்கள் இருந்தும் அவற்றின் நாணல் வேர் விரல்விட்டு எண்ணக்கூடிய சில செடிகளில் போய் நிற்கிறது. கோயம்புத்தூர் நாணல், ஜாவா நாணல், இன்னும் கொஞ்சம். 2009-இல் வெளியான கோ 0238 உத்தரப் பிரதேசக் கரும்புப் பரப்பின் பெரும்பகுதியைப் பிடித்தது. விளைச்சலும் சர்க்கரையும் ஒருங்கே தந்த அருமையான ரகம். பிறகு செவ்வழுகல் வந்தது. அந்த நோய் தாக்கிய கரும்பைப் பிளந்தால் உள்ளே சிவப்பு ஓடியிருக்கும், குறுக்கே வெள்ளைத் திட்டுகள், புளித்த சாராய வாடை. வெளியே தோகை மஞ்சளாகும்போது உள்ளே எல்லாம் முடிந்திருக்கும். ஒரே ரகத்தை நம்பிய வயல்கள் அடிவாங்கின. தமிழ்நாட்டிலும் 2000-இல் வெளியான கோ 86032 ஒன்றையே பல ஆண்டுகள் பெரும்பாலான வயல்களில் நட்டோம்.

வளர்ப்பாளர்கள் மறுபடி காட்டுப்புல்லைத்தான் தேடிப் போகிறார்கள். கோயம்புத்தூர் நிலையம் பல மாநிலங்களிலிருந்து திரட்டிய நாணல் வகைகளைக் காத்து வருகிறது. அதன் கண்ணூர் மையத்தில் இருக்கும் கரும்புச் சேகரிப்பு உலகின் இரண்டு பெரிய சேகரிப்புகளில் ஒன்று. மற்றொன்று அமெரிக்காவின் மயாமியில். ஆனால் சேகரிப்பில் இருப்பது எடுத்துவந்த செடி மட்டும். ஆற்றங்கரையில் வெயிலும் வெள்ளமும் உப்பும் பட்டுப் புதிதாகக் கலந்து பிறந்துகொண்டிருப்பது இன்னும் யாரும் எடுக்காத செடி.

அதனால் நீர்வளத் துறைக்கும் ஊராட்சிகளுக்கும் வயற்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆற்றையும் வாய்க்காலையும் தூர்வாருங்கள், நீர் ஓட வேண்டும். ஆனால் கரை நெடுக நாணலை எந்திரத்தால் வேரோடு பெயர்த்துத் தீ வைக்காதீர்கள். நீரோட்டத்தைத் தடுக்காத இடங்களில், ஊருக்கு ஒரு சங்கிலி நீளமாவது, அதை அப்படியே விட்டுவையுங்கள்.

திண்ணையில் பிளந்து வைத்த மூன்றில் செங்கரும்பைப் பிள்ளைகள் தின்றுவிட்டார்கள். நாணலின் அடிக்கட்டையை வாய்க்கால் கரையில் திரும்ப ஊன்றினேன். மாசி முடிவதற்குள் துளிர்விட்டது.